பயொப்சி றிப்போட் சொல்லாததை கோட் சொல்லக் கூடாது

பெண்களின் கருப்பைக் கழுத்துப் பரிசோதனை முடிவுகளுக்குக் கோட் போடுகிற வேலையில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப என்னைக் குடைந்துகொண்டே இருக்கிறது. றிப்போட்டில் சந்தேகம் என்று இருப்பதை, கோட் போடுகிறவர் நோய் ஆக்கிவிடுகிறார். வேண்டுமென்று யாரும் செய்வதில்லை. அவசரம், ஒரு மணித்தியாலத்துக்கு இத்தனை ஃபைல் முடிக்க வேண்டும் என்ற நெருக்கடி, அதைவிட முக்கியமாக, செல்லைப் பார்த்துச் சொன்ன முடிவுக்கும் சதையை எடுத்துப் பார்த்துச் சொன்ன முடிவுக்கும் உள்ள வித்தியாசம் பலருக்குச் சரியாகச் சொல்லிக் கொடுக்கப்படவில்லை. இதைப் பற்றித் தமிழில் யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடிப் பார்த்தேன், கண்ணில் ஒன்றும் படவில்லை, அதனால் நானே எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு அமெரிக்காவில் உள்ள பெண்நோயியல் கிளினிக்குகளின் ஃபைல்களுக்குக் கோட் போடுகிறவள். வேலை என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வரியில் சொன்னால், அங்கே வைத்தியர் எழுதியதை வாசித்து, நோய்க்கு ஒரு இலக்கமும் செய்த வேலைக்கு ஒரு இலக்கமும் கொடுப்பது, அந்த இலக்கங்களை வைத்துத்தான் காப்புறுதிக் கம்பனி காசு கொடுக்கும். நோய்க்கான இலக்கம் ஐசிடி-10-சிஎம் என்ற தொகுப்பில் இருந்து வரும், 2015 ஒக்டோபர் 1 முதல் அமெரிக்காவில் அதுதான் நடைமுறை. செய்த வேலைக்கான இலக்கம் சிபிடி என்ற தொகுப்பில் இருந்து. காசு ஒரு பக்கம் இருக்கட்டும். நாங்கள் போடுகிற நோய் இலக்கம் அந்தப் பெண்ணின் மருத்துவப் பதிவில் ஏறி உட்கார்ந்துவிடும். அவள் நாளைக்கு வேறொரு வைத்தியரிடம் போனாலும் அது அவளுடைய பெயருக்குப் பக்கத்தில் இருக்கும். பிழையாக ஏறியதைத் திருத்துவது லேசான காரியம் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கருப்பைக் கழுத்தில் இரண்டு விதமாகப் பரிசோதிப்பார்கள். ஒன்று பப் பரிசோதனை. ஒரு சின்னத் தூரிகையாலோ தட்டையான குச்சியாலோ கருப்பைக் கழுத்தின் மேலே உதிரக்கூடிய செல்களை வழித்து எடுத்து, கண்ணாடித் தகட்டில் பூசியோ திரவத்தில் அலசியோ ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். அங்கே தனித்தனிச் செல்களைத்தான் பார்க்க முடியும். அந்தச் செல்கள் எந்த அடுக்கில் இருந்து வந்தன, மாற்றம் மேல்தோலில் மட்டும் நிற்கிறதா, அடியில் உள்ள சவ்வைத் தாண்டிவிட்டதா என்பதை அதை வைத்துச் சொல்ல முடியாது. மற்றது பயொப்சி, எங்கள் ஆட்கள் சதை எடுத்து அனுப்பியிருக்கு என்று சொல்வது. கொல்போஸ்கோப் என்ற உருப்பெருக்கிக் கருவியால் பார்த்து, வினாகிரி போன்ற அசெற்றிக் அமிலத்தைப் பூசினதும் வெள்ளையாகத் தெரிகிற இடத்தில் இருந்து ஒரு துணுக்கை வெட்டி எடுப்பார்கள். அது ஃபோமலினில் போய், மெழுகில் பதிந்து, மிக மெல்லிய சீவலாக வெட்டப்பட்டு, சாயம் ஏற்றப்பட்டு நுணுக்குக்காட்டியின் கீழே வரும்போது அடுக்குகள் அப்படியே ஒழுங்கில் தெரியும். எந்த அடுக்கு வரைக்கும் மாற்றம் ஏறியிருக்கிறது என்று அப்போதுதான் சொல்லலாம்.

ஐசிடி-10-சிஎம் இந்த வித்தியாசத்தைக் கறாராகப் பிடித்து வைத்திருக்கிறது. அதுதான் எனக்கு இந்தத் தொகுப்பில் பிடித்த விஷயம். வழமைக்கு மாறான பப் முடிவுகள் எல்லாம் ஆர்87.6 என்ற குடும்பத்தில் இருக்கும். ஆர் என்று தொடங்கும் அத்தியாயமே நோய்களின் அத்தியாயம் கிடையாது, அறிகுறிகளும் வழமைக்கு மாறான பரிசோதனை முடிவுகளும்தான் அங்கே இருக்கின்றன. அதாவது ஆர் என்று போட்டால், இன்னும் நோய் என்று ஒன்றும் முடிவாகவில்லை என்று அர்த்தம். அஸ்கஸ், அதாவது இன்னதென்று தீர்மானிக்க முடியாத செல் மாற்றம் என்றால் ஆர்87.610. அதே மாற்றம்தான், ஆனால் கடுமையானதாகவும் இருக்கலாம் என்று ஆய்வுகூடம் நினைத்தால் ஆர்87.611. குறைந்த தர மாற்றம், எல்எஸ்ஐஎல் என்றால் ஆர்87.612. உயர் தர மாற்றம், எச்எஸ்ஐஎல் என்றால் ஆர்87.613. பப் தகட்டிலேயே புற்றுநோய்ச் செல்கள் தெரிகின்றன என்றால் ஆர்87.614, அப்போதும்கூட ஆர்தான், சி என்று தொடங்கும் புற்றுநோய் இலக்கம் இல்லை. இதை வாசிக்கிற புதிய கோடர்கள் இந்தக் கடைசி வரியை மட்டும் இரண்டு தரம் வாசியுங்கள்.

இந்தப் பெயர்கள் எல்லாம் பெதஸ்டா முறையில் இருந்து வந்தவை. முன்பு பப் முடிவை வகுப்பு 1, வகுப்பு 2 என்று 5 வரைக்கும் எண்ணிச் சொன்னார்கள், ஒரு ஆய்வுகூடத்தின் 3 இன்னொன்றின் 2 ஆக இருந்தது. 1988 இல் அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில் உள்ள பெதஸ்டாவில் கூடி எல்லோருக்கும் ஒரே சொற்களை வகுத்தார்கள், பிறகு 1991, 2001, 2014 என்று திருத்தினார்கள். இப்போதும் பழைய வைத்தியர்கள் சிலர் வகுப்பு 3 என்று எழுதுவார்கள். அதை வைத்து நாங்களாக ஊகித்து ஒரு பெதஸ்டா இலக்கம் போடக் கூடாது, ஆய்வுகூட றிப்போட்டை எடுத்துப் பார்க்க வேண்டும்.

பயொப்சி வந்தபிறகு கதை மாறும். சதையில் தெரிகிற, புற்றுநோய்க்கு முந்திய மாற்றத்தை சிஐஎன் என்று 1 முதல் 3 வரைக்கும் தரம் பிரிப்பார்கள். சிஐஎன் 1, அதாவது மேல்தோலின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் மட்டும் மாற்றம் என்றால் என்87.0. மூன்றில் இரண்டு பங்கு வரைக்கும் ஏறியிருந்தால் சிஐஎன் 2, என்87.1. அதைத் தாண்டி முழுத் தடிப்பையும் பிடித்திருந்தால் சிஐஎன் 3, அது டி06 என்ற குடும்பத்துக்குப் போய்விடும். டி06 என்பது இருந்த இடத்திலேயே நிற்கிற புற்றுநோய், அடிச் சவ்வைத் தாண்டாதது. சவ்வைத் தாண்டி உள்ளே இறங்கிவிட்டது என்று நோயியல் நிபுணர் எழுதினால்தான் சி53. ஆர், என், டி, சி என்று நான்கு எழுத்துகள், ஒவ்வொன்றும் ஒரு பெண்ணின் வாழ்க்கையில் வேறு வேறு செய்தி. ஆர்87.6 உம் என்87 உம் வைத்தியருடனான ஒரே சந்திப்புக்கு, ஒரே இடத்துக்குச் சேர்ந்து வர முடியாது என்று தொகுப்பிலேயே தடை எழுதியிருக்கிறது. சதை முடிவு வந்துவிட்டால் அந்தச் சந்திப்புக்கு அதுதான் இலக்கம், பப் முடிவு பின்னால் போய்விடும்.

ஒரு றிப்போட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். யாருடையதும் இல்லை, வழமையாக வருகிற மாதிரியை நானே எழுதிக் காட்டுகிறேன். மேலே வைத்தியரின் குறிப்பு: பப் பரிசோதனையில் எச்எஸ்ஐஎல், புற்றுநோய் இல்லை என்று உறுதிப்படுத்தவும். கீழே மாதிரி ஏ, கருப்பைக் கழுத்து, 6 மணித் திசையில் பயொப்சி. மாதிரி பி, கழுத்தின் உட்குழாயில் சுரண்டி எடுத்தது. அதற்குக் கீழே வெறும் கண்ணால் பார்த்த விவரம், மண்ணிறத்தில் இரண்டு துணுக்கு, பெரியது 0.3 சென்ரிமீற்றர் என்பது போல. பிறகு நுணுக்குக்காட்டி விவரம். கடைசியில் இறுதி முடிவு: ஏ, குறைந்த தர மாற்றம், சிஐஎன் 1. பி, சாதாரண சுரப்பித் துணுக்குகள், டிஸ்பிளேசியா (புற்றுநோயாக மாறக்கூடிய செல் மாற்றம்) இல்லை.

இதில் கோட் போடுகிறவரின் கண் எங்கே போக வேண்டும்? இறுதி முடிவுக்கு. ஆனால் மேலே புற்றுநோய் என்ற சொல்லும் எச்எஸ்ஐஎல் என்ற சொல்லும் பெரிதாக நிற்பதால் நிறையப் பேரின் கண் அங்கேயே நின்றுவிடுகிறது. இதே மாதிரியான ஒரு றிப்போட்டுக்கு சி53.9 என்று போட்ட ஃபைலை நான் தணிக்கைக்கு எடுத்துப் பார்த்திருக்கிறேன், வாசித்ததும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. அந்தப் பெண்ணுக்குப் புற்றுநோய் இல்லை. வைத்தியர் இல்லை என்று உறுதிப்படுத்தத்தான் அனுப்பினார், ஆய்வுகூடமும் அப்படியே சொன்னது, இடையில் இருந்த ஒருவர் அவளுக்குப் புற்றுநோயை எழுதிவிட்டார். இந்த றிப்போட்டுக்குச் சரியான இலக்கம் என்87.0, அவ்வளவுதான்.

இங்கே ஒரு விதி இருக்கிறது, மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய விதி. வெளிநோயாளர் ஃபைலில் சந்தேகிக்கப்படுகிறது, இருக்கலாம், ஒத்துப்போகிறது, இல்லையென்று உறுதிப்படுத்த வேண்டும் என்ற மாதிரியான சொற்களோடு வருகிற எந்த நோய்க்கும் அந்த நோயின் இலக்கம் போடக் கூடாது. அறிகுறி என்னவோ, முன்பு வந்த வழமைக்கு மாறான முடிவு என்னவோ, அதற்குத்தான் போட வேண்டும். ஆஸ்பத்திரியில் தங்கி வீட்டுக்குப் போகிற நோயாளிக்கு விதி வேறு, அங்கே வைத்தியர் கடைசியில் இருக்கலாம் என்று எழுதிவிட்டால் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம். உள்நோயாளர் ஃபைலில் பழகிவிட்டு கிளினிக் ஃபைலுக்கு வருகிறவர்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். கொல்போஸ்கோபி, பயொப்சி எல்லாம் பெரும்பாலும் கிளினிக்கிலேயே நடந்து முடிந்துவிடும், அதனால் கிளினிக் விதிதான்.

அப்புறம், பொறுமை. பயொப்சி எடுத்த அன்றைக்கே கோட் போட்டு அனுப்பிவிட வேண்டும் என்று அவசரப்படுத்துவார்கள். இறுதி றிப்போட் கையில் வந்தபிறகு கோட் போட்டால் அதில் உறுதியான நோய்க்கே இலக்கம் கொடுக்கலாம், விதி அதை அனுமதிக்கிறது. றிப்போட் வராமல் போடுவதென்றால் ஏன் பயொப்சி எடுத்தார்களோ அந்தக் காரணத்துக்குத்தான், மேலே சொன்ன பெண் என்றால் ஆர்87.613. நடுவிலே நின்று முடிவு இப்படித்தான் வரும் என்று ஊகிக்க எங்களுக்கு உரிமை இல்லை.

செய்த வேலைக்கான இலக்கத்திலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது, சொல்லாமல் விட மனமில்லை. கொல்போஸ்கோபியோடு பயொப்சியும் உட்குழாய்ச் சுரண்டலும் செய்தால் 57454, பயொப்சி மட்டும் என்றால் 57455, சுரண்டல் மட்டும் என்றால் 57456, ஒன்றும் எடுக்காமல் பார்த்தது மட்டும் என்றால் 57452. எத்தனை இடத்தில் வெட்டினாலும் வைத்தியருக்கு ஒரு இலக்கம் ஒரு தடவைதான். ஆனால் ஆய்வுகூடத்தின் பக்கம் கணக்கு வேறு. கருப்பைக் கழுத்துப் பயொப்சிக்கு 88305, அதை மாதிரி மாதிரியாக எண்ணுவார்கள். நான்கு திசையில் எடுத்த துணுக்குகளைத் தனித்தனிப் போத்தலில் பெயர் எழுதி அனுப்பினால் நான்கு, எல்லாவற்றையும் ஒரே போத்தலில் போட்டுவிட்டால் ஒன்றுதான். லீப் என்ற மின்கம்பி வளைய முறையில் கூம்பாக வெட்டி எடுத்த பெரிய சதை என்றால் 88307. ஆகவே போத்தலின் மேல் என்ன எழுதியிருந்தது என்பதை றிப்போட்டில் தேடிப் பார்க்காமல் எண்ணிக்கை போடாதீர்கள்.

இனி எனக்கு உண்மையிலேயே தலையிடி தருகிற இடங்கள்.

முதலாவது, பயொப்சி றிப்போட்டில் எச்எஸ்ஐஎல் என்று மட்டும் எழுதிவிட்டு சிஐஎன் எத்தனை என்று எழுதாமல் விடுவது. 2012 இல் அமெரிக்க நோயியலாளர்களின் கல்லூரியும் கொல்போஸ்கோபிச் சங்கமும் சேர்ந்து, சதை முடிவையும் பப் முடிவைப் போலவே குறைந்த தரம், உயர் தரம் என்று இரண்டாகச் சொல்லுவோம் என்று பரிந்துரைத்தார்கள். மருத்துவ ரீதியில் அதற்கு நல்ல காரணம் இருக்கிறது. சிஐஎன் 2 என்பது இரண்டு நிபுணர் பார்த்தால் இரண்டு விதமாகச் சொல்லக்கூடிய ஒன்று, அதனால்தான் பி16 என்ற சாயமும் ஏற்றிப் பார்க்கிறார்கள். ஆனால் கோட் தொகுப்பு இன்னும் சிஐஎன் 2 ஐ என்87 இலும் சிஐஎன் 3 ஐ டி06 இலும் வைத்திருக்கிறது. ஒன்று டிஸ்பிளேசியா, மற்றது இருந்த இடத்துப் புற்றுநோய். உயர் தரம் என்ற ஒற்றைச் சொல்லை வைத்து எதில் போடுவது? அதோடு எச்எஸ்ஐஎல் என்றதும் ஆர்87.613 ஐப் போட்டுவிடவும் முடியாது, அது பப் தகட்டுக்கு உரியது, இது சதை. வைத்தியருக்குக் கேள்வி அனுப்பி, எழுத்தில் பதில் வாங்கித்தான் போட வேண்டும். ஒரு நாள் பிந்தினால் பிந்தட்டும். நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில், கேள்வி அனுப்பினால் எண்ணிக்கை குறையும், எதையாவது போட்டுத் தள்ளு என்றுதான் சொன்னார்கள். அந்த எதையாவது என்பது ஒரு பெண்ணுக்குப் புற்றுநோய் உண்டா இல்லையா என்கிற விஷயம். எனக்கு இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது.

இரண்டாவது, ஆர்87.7. பெண் இனப்பெருக்க உறுப்புகளில் இருந்து எடுத்த சதையில் வழமைக்கு மாறான முடிவு என்பதற்கான இலக்கம் இது. பெயரைப் பார்த்தால் எல்லாப் பயொப்சிக்கும் பொருந்தும் போலத் தெரியும், அதனால் சிலர் கண்ணை மூடிக்கொண்டு இதையே போடுகிறார்கள். இது, சதையில் ஏதோ சரியில்லை ஆனால் இன்ன நோய் என்று நிபுணர் பெயர் சொல்லவில்லை என்ற நிலைமைக்கு மட்டும். பெயர் சொன்னால் அந்தப் பெயருக்குப் போய்விட வேண்டும். கழுத்தில் நாட்பட்ட அழற்சி என்றால் என்72. கழுத்தில் பொலிப் என்றால் என்84.1, கருப்பையின் உள்ளே பொலிப் என்றால் என்84.0. கருப்பையின் உட்படலம் தடித்திருக்கிறது, செல் மாற்றம் இல்லை என்றால் என்85.01, செல் மாற்றத்தோடு என்றால் என்85.02. மாதவிடாய் நின்றபிறகு இரத்தம் போகிறது என்று உட்படலத்தில் பயொப்சி எடுத்து, சதை போதாது, ஒன்றும் சொல்ல முடியாது என்று முடிவு வந்தால் அதுவும் ஆர்87.7 இல்லை. ஏன் எடுத்தார்களோ அந்த இரத்தப்போக்குக்கான என்95.0 தான் அங்கே நிற்கும்.

மூன்றாவது, இது கோட் தொகுப்பின் குறை என்றே நினைக்கிறேன், ஆர்87.619. பெயர் குறிப்பிடாத வழமைக்கு மாறான பப் முடிவு என்று இதற்குப் பெயர். சோம்பலில் போடுகிற இலக்கம் என்று இதற்கு ஒரு கெட்ட பெயர் இருக்கிறது, காப்புறுதிக் கம்பனிகளுக்கும் இதைக் கண்டால் பிடிக்காது. ஆனால் சுரப்பிச் செல்களில் மாற்றம், ஏஜிசி என்று வருகிற முடிவையும் தொகுப்பு இதற்குள்ளேதான் போட்டு வைத்திருக்கிறது. ஏஜிசி அரிதாக வருவது, ஆனால் வந்தால் அலட்சியம் செய்யக் கூடாதது. கொல்போஸ்கோபியும் உட்குழாயில் இருந்து மாதிரியும் எடுக்க வேண்டும், 35 வயதுக்கு மேல் என்றால் கருப்பை உட்படலத்தில் இருந்தும் எடுக்கச் சொல்கிறார்கள். அவ்வளவு கவனிக்க வேண்டிய ஒன்றை, தகட்டில் ஏதோ பிழை என்று பொத்தாம் பொதுவாக எழுதியவற்றோடு ஒரே சாக்கில் கட்டி வைத்திருக்கிறார்கள். இலக்கத்தைப் பார்க்கிறவருக்கு எது எதுவென்று தெரியாது. ஆகவே இந்த இலக்கம் வருகிற ஃபைலில் றிப்போட்டையும் கட்டாயம் சேர்த்து அனுப்புங்கள், குறிப்பில் ஏஜிசி என்ற சொல் நிற்கிறதா என்று பாருங்கள்.

எச்பிவி, அதாவது கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வைரஸ் பற்றியும் சொல்ல வேண்டும். கருப்பைக் கழுத்தில் ஆபத்துக் கூடிய எச்பிவி இருக்கிறது என்றால் ஆர்87.810. அதைக் கண்டதும் ஏ63.0 போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அது பிறப்புறுப்பில் வருகிற மருவுக்கான இலக்கம். வைரஸ் இருப்பதும் மரு இருப்பதும் ஒன்றில்லை, மரு பெரும்பாலும் இதே வைரஸின் வேறு வகைகளால் வருவது. வாழ்நாளில் ஒரு தடவையாவது இந்த வைரஸ் தொற்றாத ஆட்கள் குறைவு, பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் உடம்பே அதை வெளியேற்றிவிடும். 16, 18 என்ற இரண்டு வகைகள் தங்கிவிட்டால் கூடுதல் கவனம், கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் ஏறத்தாழ 70 வீதம் அந்த இரண்டால்தான் வருகிறது. எங்கள் ஊரில் எச்பிவி என்று றிப்போட்டில் வந்தால் வீட்டில் எப்படிக் கதைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இல்லாத மருவை ஒருத்தியின் பதிவில் எழுதுவது எனக்குச் சின்னப் பிழையாகத் தெரியவில்லை.

கருப்பை எடுத்த பெண்களின் ஃபைலிலும் கவனம் வேண்டும். கழுத்தோடு சேர்த்து முழுவதும் எடுத்திருந்தால் பிறகு எடுக்கிற பப் யோனிச் சுவரில் இருந்துதான், அதற்கு ஆர்87.62 குடும்பம். இல்லாத கருப்பைக் கழுத்தில் செல் மாற்றம் என்று போட்ட இலக்கங்களும் வருகின்றன. கழுத்தை விட்டு கருப்பையை மட்டும் எடுத்தவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பழைய குடும்பமே பொருந்தும். சத்திரசிகிச்சை வரலாற்றை ஒரு நிமிடம் புரட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

காசு விஷயம் சும்மா விட முடியாது. அமெரிக்காவில் 2010 இல் வந்த சுகாதாரச் சட்டப்படி, அறிகுறி ஒன்றும் இல்லாமல் முன்கூட்டியே செய்கிற கருப்பைக் கழுத்துப் பரிசோதனைக்குப் பெரும்பாலான காப்புறுதிகளில் பெண் கைக்காசு கொடுக்கத் தேவையில்லை. அந்தச் சந்திப்புக்கு முதல் இலக்கம் பரிசோதனைக்கு வந்ததைச் சொல்ல வேண்டும், இசட்12.4 அல்லது வருடாந்தப் பரிசோதனைக்கான இசட்01.41 குடும்பம். முடிவு வழமைக்கு மாறாக வந்தால் அது இரண்டாவதாகச் சேரும். அதை முதலாவதாக எழுதிவிட்டால், நோய்க்காக வந்தாள் என்று கம்பனி எடுத்துக்கொண்டு பில்லை அவள் தலையில் கட்டிவிடும். ஒரு வரிசை மாறினதால் அவளுக்கு வீட்டுக்குக் கடிதம் போகிறது.

எங்கள் நாட்டில் அரசாங்க ஆஸ்பத்திரியில் காசும் இல்லை, காப்புறுதி இலக்கமும் இல்லை. ஆனாலும் ஐசிடி இங்கேயும் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் தங்கிய ஒவ்வொரு நோயாளியின் பெட் ஹெட் ரிக்கற்றில் எழுதிய நோயும் பதிவறையில் இலக்கமாக மாறித்தான் கொழும்புக்குப் போகிறது, நாட்டின் நோய்க் கணக்கு அதில் இருந்துதான் வருகிறது. நாங்கள் இங்கே பாவிப்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10, அமெரிக்கப் பதிப்பு இல்லை. இரண்டும் ஒன்றுபோல இருந்தாலும் ஒன்றில்லை. உலகப் பதிப்பில் ஆர்87.6 என்பதோடு நின்றுவிடும், அஸ்கஸ், எல்எஸ்ஐஎல் என்ற பிரிவுகள் இல்லை. உலகப் பதிப்பில் கடும் டிஸ்பிளேசியாவுக்கு என்87.2 என்று ஒன்று உண்டு, அமெரிக்கப் பதிப்பில் அது இல்லை, கடும் டிஸ்பிளேசியா நேரே டி06 க்குப் போய்விடும். இங்கே படித்துவிட்டு அமெரிக்க ஃபைலுக்குப் போகிற பிள்ளைகள் என்87.2 ஐத் தேடி அலைவதைப் பார்த்திருக்கிறேன்.

கோட் போடாதவர்களுக்கும் இதில் ஒரு பயன் இருக்கிறது. போன மாதம் கோண்டாவிலில் எனக்குத் தெரிந்த ஒரு அன்ரி வாட்ஸ்அப்பில் தன்னுடைய பயொப்சி றிப்போட்டின் படத்தை அனுப்பினார். ஒரு சொல்லைச் சுற்றிச் சிவப்புப் பேனையால் வட்டம். பிறகு கோல் எடுத்தார்.

"பிள்ளை, இதிலை மெற்றாப்ளேசியா எண்டு போட்டுக்கிடக்கு. கனடாவிலை நிக்கிற மகன் பாத்திட்டு, அம்மா அது மற்ற இடங்களுக்குப் பரவியிட்டுது எண்டு அழுறான். மெய்யே?"

"இல்லை அன்ரி, மகன் மாறி விளங்கிப்போட்டார். பரவுறதுக்கு மெற்றாஸ்ராசிஸ் எண்டு சொல்லுவினம், இது வேறை. கருப்பைக் கழுத்திலை ஒரு வகைச் செல் இன்னொரு வகையா மாறுறது, எல்லாப் பெம்பிளையளுக்கும் நடக்கிறதுதான். கீழை கடைசி வரியிலை டிஸ்பிளேசியா இல்லை எண்டு போட்டிருக்கு, அதைப் பாருங்கோ."

"அப்ப கான்சர் இல்லையோ?"

"இந்தச் சதையிலை இல்லை எண்டுதான் எழுதியிருக்கு. கொஞ்சம் அழற்சி இருக்கு. அடுத்த கிளினிக்குக்கு இதைக் கொண்டுபோய் விஓஜியிட்டை, பெண்நோயியல் டொக்டரிட்டைக் காட்டி, அடுத்தது எப்ப பாக்கவேணும் எண்டு கேளுங்கோ."

மெற்றாப்ளேசியாவுக்கு நாங்கள் நோய் இலக்கமே போடுவதில்லை. அன்ரியின் றிப்போட் அமெரிக்காவில் என் மேசைக்கு வந்திருந்தால் அழற்சிக்கான என்72 ஒன்றுதான் போட்டிருப்பேன். இரண்டு நாள் ஒரு வீடு நித்திரை இல்லாமல் இருந்திருக்கிறது, றிப்போட் முழுக்க ஆங்கிலத்தில் இருந்ததாலும், கடைசி வரியை வாசிக்க வேண்டும் என்று யாரும் சொல்லாததாலும். 19 ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் இருந்து தமிழிலேயே வைத்தியம் படிப்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்த மண் இது. ஒரு பயொப்சி முடிவின் கடைசி வரியையாவது தமிழில் எழுதிக் கொடுக்க முடியாதா என்று எனக்குப் பெரிய ஆதங்கம்.

இதை வாசிக்கிற பெண்களுக்கு: உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது, 1996 இல் தொடங்கி இப்போது நாடு முழுக்க நடக்கிற திட்டம், 35 வயதிலும் 45 வயதிலும் கட்டாயம் போகச் சொல்லி இலக்கு வைத்திருக்கிறார்கள். பப் பரிசோதனையோடு மார்பகம், பிரஷர், சீனி எல்லாம் பார்ப்பார்கள், காசு இல்லை. உங்கள் இடத்துக் குடும்பநல மாதுவைக் கேட்டால் எந்த நாள் என்று சொல்லுவார். மகள் 6 ஆம் வகுப்பில் இருந்தால் பள்ளிக்கூடத்தில் எச்பிவி தடுப்பூசி போடுவார்கள், 2017 இல் இருந்து கொடுக்கிறார்கள், படிவத்தில் கையெழுத்து வைத்து அனுப்புங்கள். ஊசி போட்டவர்களும் வளர்ந்தபிறகு பப் பரிசோதனைக்குப் போகத்தான் வேண்டும்.

றிப்போட் விளங்கவில்லை என்று எனக்கு அனுப்புகிறவர்கள், பெயரையும் அடையாள இலக்கத்தையும் மறைத்துவிட்டு முழுப் பக்கத்தையும் அனுப்புங்கள், வட்டம் போட்ட சொல்லை மட்டும் வெட்டி அனுப்ப வேண்டாம். எந்த வரி என்ன சொல்கிறது, அது பப் முடிவா சதை முடிவா என்று சொல்லுவேன். என்ன வைத்தியம் என்பதை கிளினிக்கில்தான் கேட்க வேண்டும்.